சும்மா சுழலும் யந்திரம்

பட்டம் பெறும் இளைஞர்களே!

ரெம்பாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் உங்கள் பாட்டனார் பால்மரம் வெட்டிய காலத்தில், லயங்களுக்கு வெளிச்சம் கிடைத்த இடங்களிலும் பெரும்பாலும் அதைத் தந்தது தோட்டத்துக்கென்றே வைத்திருந்த டீசல் இஞ்சின்தான். துரை குறித்த நேரம் வந்ததும் அது நின்றுவிடும். பழுதுபட்டாலோ, இருட்டு அந்தத் தோட்டத்து எல்லையைத் தாண்டாது.

1949 செப்டம்பர் முதல் தேதி மலாயாவின் மத்திய மின்சார வாரியமாகத் தோன்றி, 1990-இல் தெனாகா நேஷனலாக உருமாறிய ஸ்தாபனம் மின்நிலையங்களை ஒரே வலையில் பிணைத்ததனால், கேமரன் மலை நீரும், காப்பார் நிலக்கரியும், பாக்கா எரிவாயுவும் பரஸ்பரம் கைகொடுக்க, அடுத்த ஓர் அலகை உண்டாக்க ஆகும் கூடுதற் செலவு எல்லா நிலையங்களிலும் ஏறக்குறைய சமமாகும்படி பளுவைப் பங்கிடும் சிக்கனக் கணக்கு சாத்தியமாயிற்று. அந்தக் கணக்கின் அழகில் எனக்கும் மோகமுண்டு. ஆனால் அதை மட்டுமே கற்றவரிடம் கட்டுப்பாட்டு அறையை ஒப்படைக்க எனக்குத் துணிவில்லை.

ஏனெனில், சிக்கனம் தந்த அதே பிணைப்பு அபாயத்தையும் பொதுவாக்கிவிட்டது. 1992 செப்டம்பர் 29-ஆம் தேதி தீபகற்ப மலேசியா இருண்டது. நான்கு ஆண்டுகளுக்குள், 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மாலை, திரங்கானுவில் பாக்கா நிலையத்தருகே ஒரு மின்பாதை துண்டிக்கப்பட, மறுபடியும் இருண்டது. பாதை அறுந்து, அதன் வழி வந்த உற்பத்தி திடீரெனக் குறைந்தால், வினாடிக்கு 50 என்று நிற்கவேண்டிய அலைவெண் தாழ்கிறது. தாழ்ந்தால் தமக்குச் சேதம் வருமென்று மற்ற யந்திரங்களும் தற்காப்பாக விலகிக்கொள்ள, ஒவ்வொரு விலகலும் எஞ்சியவற்றின் பாரத்தை ஏற்ற, மனிதர் யோசிக்க அவகாசமின்றிச் சில க்ஷணங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. 2012 ஜூலையில் வட, கிழக்கு இந்தியாவில் நேர்ந்ததும் இந்த வகையே. அங்கே இருளில் ஆழ்ந்த பிரதேசங்களில் வசித்தோர் ஏறத்தாழ 60 கோடிப் பேர்.

பரிகாரங்கள் தெரிந்தவையே. முழுப் பளு ஏற்றாமல் சில யந்திரங்களைச் சுழலவிட்டு வைத்தல், அலைவெண் தாழ்ந்தவுடன் சில ஊர்களைத் தானாகவே துண்டித்து மற்றவற்றைக் காத்தல், எந்த ஒரு பாதை அறுந்தாலும் மிஞ்சியவை தாங்குமளவுக்கே மின்சாரம் அனுப்புதல். எல்லாவற்றுக்கும் பணம் செலவாகும். செலவு அன்றாடம் ஏட்டில் தெரியும், தடுத்த விபத்தோ எந்த ஏட்டிலும் ஏறாது.

உங்களிற் சிலர் நாளை போர்ட் டிக்சன் துவாங்கு ஜாபர் நிலையத்திலோ, பளுப் பகிர்வு மையத்திலோ அமரக்கூடும். சும்மா சுழலும் அந்த யந்திரத்தை நிறுத்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்காளர் கேட்கும் நாளில், 1996-இன் அந்த மாலையையும் செலவுக் கணக்கிற் சேர்த்தே பதில் எழுதுங்கள்.