மீனங்காடிப் பட்டதாரி

(கட்சிப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிக்கனம் என்றொரு சொல் உண்டு. நல்ல சொல். நம் வீட்டுத் தாய்மார்கள் நித்தமும் நடத்திக் காட்டுகிற சொல். ஆயினும் அதே சொல், கோட்டையிலே கொலுவீற்றிருப்போர் நாவிலிருந்து புறப்படும்போது, குடிசையிலே இருப்பவன் நெஞ்சு திடுக்கிடுகிறது! ஏன்? அந்தக் கத்தி எங்கே பாயும் என்பது அவனுக்குத் தெரியும். அதிகாரியின் மூன்றாவது மோட்டார் மீது பாயாது. மாளிகையின் புதிய திரைச்சீலை மீது பாயாது. பள்ளிக்கூடத்து இரண்டாவது ஆசிரியர் மீது பாயும். மருத்துவமனையின் இரவு நேரத் தாதி மீது பாயும். தெருக்கூட்டும் தொழிலாளியின் தினக்கூலி மீது பாயும்!

அதனால், வீண்செலவே இல்லை என்று வாதாடவா நான் வந்திருக்கிறேன்? இல்லை, தோழர்களே, இல்லை. ஒரே வேலையை மூன்று இலாகாக்கள் செய்வதும், மூன்று இலாகாக்கள் கூடியும் ஒரு வேலை நடவாதிருப்பதும் எந்த அரசையும் பிடிக்கக்கூடிய நோய்தான். அதை மூடி மறைத்தால், மக்கள் நம்மை நம்பமாட்டார்கள். கேள்வி வேறு. வெட்டுபவர் யார்? வெட்டுப்படுவது எது? மிச்சப்பட்ட காசு எவர் மடியிலே விழுகிறது? இந்த மூன்று கேள்விகளையும் நெஞ்சிலே நிறுத்திக்கொண்டு என்னோடு கடல் கடந்து வாருங்கள், நியூயார்க் மாநிலத்துக்கு.

அங்கே ஒருவர் இருந்தார். ஆல்பிரெட் ஸ்மித் என்பது பெயர்; ஊரார் அழைத்தது ஆல் ஸ்மித். 1873ஆம் ஆண்டு, நியூயார்க் நகரத்தின் கிழக்குக் கரையோரச் சேரியிலே பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். பதினான்கில் பள்ளியை விட்டார். பிறகு? மீன்! பல்டன் மீனங்காடியிலே கணக்கெழுதும் வேலை. வாரத்துக்குப் பன்னிரண்டு டாலர் கூலி. மாலை நேரத்திலே மாதா கோயில் நாடக மன்றத்தில் வேடம். (கல்லூரியின் வாசற்படியிலே பாதியில் திரும்பியவன் நான், நாடகம் எழுதிப் பிழைப்பவன். இந்த மனிதரிடம் எனக்குத் தனிப் பாசம் சுரப்பதில் வியப்பென்ன!) பின்னாளிலே சட்டசபையில் உறுப்பினர்கள் தத்தம் கல்லூரிப் பட்டங்களைப் பேசிப் பெருமிதப்பட்டபோது, இவரும் எழுந்து தம் பட்டத்தைச் சொன்னாராம், எஃப். எஃப். எம். என்று! விழித்தவர்களுக்கு விளக்கமும் தந்தார்: பல்டன் பிஷ் மார்க்கெட்!

1904இல் சட்டசபைக்குள் நுழைந்த இந்த மீனங்காடிப் பட்டதாரி, எவரும் படிக்காத ஒன்றைப் படித்தார். நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களைப் படித்தார்! வரி வரியாக, எண் எண்ணாக, இரவிரவாகப் படித்தார். 1911 மார்ச் 25ஆம் நாள், நியூயார்க் நகரிலே டிரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்கூடம் தீப்பற்றியது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைக்க வந்த குடும்பத்து இளம்பெண்கள். கதவு பூட்டிக் கிடந்தது. அதனை ஆராய்ந்த குழுவின் துணைத்தலைவர் ஸ்மித். ஊர் ஊராகத் தொழிற்கூடங்களைப் பார்த்தார். சட்டம் ஏட்டிலே இருந்தால் போதாது, அதை நிறைவேற்றும் கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் — இந்தப் பாடத்தை எரிந்த சுவர்கள் சொல்லித் தந்தன.

1919இல் அவர் அந்த மாநிலத்தின் கவர்னரானார். கவர்னர் என்றதும் நம் ஊர்க் கவர்னரை எண்ணிவிடாதீர்கள்! அங்கே கவர்னர் மக்கள் வாக்குப்பெற்று வருபவர். நம் முதலமைச்சரின் பொறுப்பைத் தோளிலே சுமப்பவர். சுமந்தாரா? அதுதான் கதை. பொறுப்பு இருந்தது, அதிகாரம் இல்லை! மாநில அரசிலே இலாகா, வாரியம், ஆணைக்குழு என்று மொத்தம் 187 அமைப்புகள். கவர்னரின் பதவிக்காலம் இரண்டே ஆண்டு. பல வாரியத்தாரின் காலம் அதைவிட நீண்டது. பொக்கிஷதாரர், மாநிலச் செயலாளர், தலைமைப் பொறியாளர் ஆகியோர் தனித்தனியே தேர்தலில் நின்று வருபவர்கள். கவர்னருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே வரவு செலவுத் திட்டம் என்பது கிடையாது. ஒவ்வோர் அமைப்பும் தன் திருவோட்டை ஏந்திக்கொண்டு நேரே சட்டசபைக் குழுவின் வாசலுக்குப் போகும். செல்வாக்குள்ளவன் ஓடு நிரம்பும்; இல்லாதவன் ஓடு காலி!

நாடகக்காரனின் கற்பனையாக ஒரு காட்சி சொல்கிறேன், கேளுங்கள்.

குடிமகன் கவர்னரிடம் போகிறான். “ஐயா, எங்கள் ஊர்ப் பாலம் இடிந்துவிட்டது.”

“அப்பனே, அது பொறியாளர் விவகாரம். அவரை நீதானே தேர்ந்தெடுத்தாய்? அவரைக் கேள்.”

பொறியாளரிடம் போகிறான். “திட்டம் மேசைமேல் இருக்கிறது, தம்பி, பணம் இல்லை. நிதிக் குழுவைக் கேள்.”

நிதிக் குழுவிடம் போகிறான். “பணமா? பாலத்துக்கென்று பொறுப்பாக யார் கேட்டார்கள்? மாநிலத்தின் தலைவர் கவர்னர்தானே, அவரைப் போய்க் கேள்!”

குடிமகன் சுற்றுகிறான், பாலம் கிடக்கிறது, சம்பளம் மட்டும் மூன்று இடத்திலும் தவறாமல் நடக்கிறது! 187 வாசல், எந்த வாசலிலும் வீட்டுக்காரன் இல்லை.

இல்லினாய் மாநிலத்திலே லோடன் என்ற கவர்னர் 1917ஆம் ஆண்டிலேயே, நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகளை ஒன்பது துறைகளாக்கிக் காட்டியிருந்தார். நியூயார்க்கில் அது எளிதாக இல்லை. 1915இலே எலிகு ரூட் போன்ற எதிர்க்கட்சிப் பெரியவர்களும் ஸ்மித்தும் ஒரே மாநாட்டில் உட்கார்ந்து, சீர்திருத்தம் அடங்கிய புதிய அரசியல் சட்டத்தைத் தீட்டினார்கள்; மக்கள் வாக்கெடுப்பிலே அது தோற்றது. ஸ்மித் கவர்னரானதும் ஒரு குழு அமைத்தார். குழுவை இயக்கியவர் பெல்லி மாஸ்கோவிட்ஸ் என்ற பெண்மணி. அறிக்கையைத் தயாரிப்பதில் தலைமையாய் நின்றவர் ராபர்ட் மோசஸ் என்ற முப்பது வயது இளைஞர். இவர் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார். 1919 அக்டோபரில் அறிக்கை வந்தது: சிதறிக் கிடப்பவற்றைச் சில துறைகளாகச் சேர், துறைத் தலைவரைக் கவர்னரே நியமிக்கட்டும், வரவு செலவுத் திட்டத்தைக் கவர்னரே தீட்டி, சட்டசபை முன் வைத்து, பதில் சொல்லட்டும்.

வந்தது 1920. நாடெங்கும் எதிர்க்கட்சி அலை. ஹார்டிங் அந்த மாநிலத்திலே பத்து லட்சம் வாக்குகளுக்கு மேல் கூடுதலாகப் பெற்றார். அதே வாக்குச்சீட்டிலே ஸ்மித் தோற்றது ஏறத்தாழ 74,000 வாக்குகளிலேதான்! தோற்றவர் ஓய்ந்தாரா? 1922இல் மீண்டார். மீண்டும் முதலிலிருந்து! அரசியல் சட்டத் திருத்தமாதலால், அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் ஏற்க வேண்டும். பிறகு மக்களும் ஏற்க வேண்டும். கீழ்ச்சபையோ எப்போதும் எதிர்க்கட்சியின் கையிலே.

இங்கேதான், தோழர்களே, நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. சிக்கனம் பேசிய இந்த மனிதர் செலவுக்கு அஞ்சியவரா? 1923 பிப்ரவரியில் வார்ட்ஸ் தீவு மனநோய் மருத்துவமனை தீப்பற்றியது; இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழைய கட்டடம், நெருக்கியடித்த நோயாளிகள், எரியக்கூடிய கூரை. சிக்கனத்தின் பெயரால் பல காலம் தள்ளிப்போட்ட செலவு, ஒரே இரவிலே உயிர்க்கணக்காக வந்து நின்றது! ஸ்மித் மக்களிடம் போனார். மருத்துவமனைகளுக்காக ஐந்து கோடி டாலர் கடன் பத்திரம் கேட்டார். அதே ஆண்டு நவம்பரில் மக்கள் தந்தார்கள். 1924இலே பூங்காக்களுக்கு ஒன்றரைக் கோடி.

1925 நவம்பர் தேர்தலைப் பாருங்கள்! வாக்குச்சீட்டிலே இலாகாக்களை இணைக்கும் திருத்தம் ஒரு பக்கம். அதே சீட்டிலே பொதுக் கட்டடங்களுக்குப் பத்துக் கோடி டாலர் கடன். ரயில் பாதையும் சாலையும் குறுக்கிடும் கொலைக்களங்களை ஒழிக்க முப்பது கோடி டாலர் கடன்! சீமான்கள் சீறினார்கள். “ஒரு கையால் சிக்கனம், மறு கையால் கடனா? முரண்பாடு! முரண்பாடு!” என்று. மக்களுக்கு முரண்பாடு தெரியவில்லை. ஓட்டைப் பானையை அடைத்தால்தான் உலை வைக்க முடியும் என்பது அடுப்பூதுகிற தாய்க்குத் தெரியாதா! எல்லாவற்றுக்கும் ஆதரவாகவே வாக்களித்தார்கள்.

சட்டத்தை நடைமுறையாக்கும் குழுவிலே எதிர்க்கட்சியினர் தங்கள் ஆட்களையே பெரும்பான்மையாக வைத்தார்கள். தலைவர், அவர்கள் கட்சியின் சார்பிலே 1916இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ். முட்டுக்கட்டை போடுவார் என்று எதிர்பார்த்தார்கள் போலும்! 1926இலே அவர் தந்த அறிக்கை, ஸ்மித்தின் திட்டத்தையே பெரிதும் தழுவி நின்றது. மாற்றுக்கட்சிக்காரர் ஆனாலும் மனம் திறந்து மெச்சவேண்டிய நேர்மை. 187, இருபதுக்குள் அடங்கியது. 1927இலே வரவு செலவுத் திட்டத் திருத்தத்தையும் மக்கள் ஏற்றனர். அதன் முதல் பலனை அனுபவிக்க வந்தவர் அடுத்த கவர்னர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். சட்டசபை நிதிக் குழுத் தலைவர்கள் பழைய பிடியை விடமாட்டோம் என்று மல்லுக்கு நிற்க, 1929இல் மாநிலத்தின் தலைமை மேல்முறையீட்டு நீதிமன்றம் கவர்னர் பக்கமே தீர்ப்பளித்தது.

“எங்கள் ஊரிலும் இணைத்திருக்கிறோம்” என்று இன்றைக்கும் சிலர் மார்தட்டுகிறார்கள். ஐயோவா மாநிலத்திலே 2023 ஏப்ரலில், கிம் ரெனால்ட்ஸ் என்ற கவர்னர், 37 துறைகளைப் பதினாறாக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஆயிரத்து ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட மசோதா! அதற்குள்ளே ஒரு மூலையில் ஒரு விதி: பார்வையற்றோர் துறைக்கு இயக்குநரை, அதுவரை அதற்கென இருந்த ஆணைக்குழு தேர்ந்தெடுத்தது, இனிமேல் கவர்னர் நியமிப்பார். பார்வையற்றோர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அவர்கள் கேட்டது பணமல்ல. தங்கள் துறையிலே தங்களுக்கிருந்த சொல்லைப் பறிக்காதீர் என்றுதான். ஸ்மித் மூடியது யாருக்கும் பதில் சொல்லாத வாசல்களை. இது மக்கள் போய்வந்துகொண்டிருந்த வாசல். எண்ணிக்கைப் பட்டியலிலே இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும்!

வாஷிங்டனிலே 2025இல் நடந்தது இன்னும் வேகமான கூத்து. இரண்டு லட்சம் கோடி டாலர் மிச்சம் என்று தேர்தல் மேடையிலே முழங்கிய உலகப் பெருஞ்செல்வர் எலான் மஸ்க், சில மாதங்கள் வெட்டிவிட்டு மே மாத இறுதியிலே வெளியேறினார். வெளிநாட்டு உதவி நிறுவனம், ஜூலை முதல் நாள், வெளியுறவுத் துறையோடு சேர்க்கப்பட்டது. ஸ்மித் ஒரு திருத்தத்துக்காக ஆறாண்டு மக்கள் முன் நின்றார். இவர்கள் மக்கள் வாக்குப்பெறாத ஒருவரை முன்னிறுத்தி ஆறு மாதத்திலே முடித்தார்கள். வேகத்தை மெச்சுவோர் மெச்சட்டும்.

ஸ்மித்தின் திட்டத்திலும் ஓட்டை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏய்ப்பவனாவேன். ராபர்ட் மோசஸ் என்றேனே, அந்த இளைஞர்! 187ஐ எண்ணிச் சொன்ன அந்தக் கைதான், 1924இலே லாங் ஐலண்டு பூங்கா ஆணையத்தின் சட்டத்தை எழுதியது; அதன் தலைமையிலும் அவரே அமர்ந்தார். பூங்காக்கள் எழுந்தன, கடற்கரைகள் மக்களுக்குத் திறந்தன, மறுக்க முடியாது. ஆனால் 1930களிலிருந்து பாலம் கட்டும் தனி ஆணையங்கள் அவர் கைக்கு வந்தன. பாலத்திலே சுங்கம், சுங்கத்தின் மீது கடன் பத்திரம், பத்திரம் வாங்கியவரோடு ஒப்பந்தம், ஒப்பந்தத்தைச் சட்டசபையும் தொடக்கூடாது! துறைத்தலைவர் எல்லாம் கவர்னருக்குக் கட்டுப்படவேண்டும் என்று அறிக்கை எழுதியவர், எந்தக் கவர்னருக்கும் கட்டுப்படாத கோட்டையைத் தமக்கென்று கட்டிக்கொண்டார். ஒரே நேரத்திலே பன்னிரண்டு பதவிகள் வகித்ததுண்டு. 1934இலே கவர்னர் பதவிக்கு நின்றார், தோற்றார், மக்கள் வாக்கால் ஒரு பதவியும் அவர் வகித்ததில்லை. நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகளை இடித்தபோது, வீடிழந்தவன் எந்த வாசலில் போய்க் கேட்பது? மறுபடியும் அதே காட்சி; குடிமகன் சுற்றுகிறான்!

ஸ்மித் 1944இலே மறைந்துவிட்டார். மோசஸ் பல கவர்னர்களையும் மேயர்களையும் கண்டார். நெல்சன் ராக்பெல்லர் என்ற கவர்னர்தான், 1968 மார்ச் முதல் நாள், அந்தப் பால ஆணையத்தைப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைத்து, அதிகாரத்தைக் கையிலிருந்து எடுத்தார். அப்போது மோசசுக்கு வயது 79.