புரியும்படி எழுதுவதும் ஓர் அறப்பணியே

(நமது அறவாரியத்தின் கல்வி நிதி வழங்கும் நிகழ்ச்சியில், பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய உரை)



இன்று காலை கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் வரும்போது என் தாயாரை நினைத்துக் கொண்டேன். அவர் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து, களைக்கொல்லி தெளிப்பார். பீப்பாயில் ஒட்டியிருந்த தாளில் எச்சரிக்கைகள் எல்லாம் இருந்தன. ஆனால், ஆங்கிலத்தில் இருந்தன. என் தாயாருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். நகங்கள் நிறம் மாறி உதிர்ந்தன. மூக்கில் இரத்தம் வடியும். "வெயில் சூடு" என்பார். அந்த மருந்தின் பெயர் பாராகுவாட் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். நம் நாட்டில் அதற்கு 2002இல் தடை வந்தது, 2006இல் தளர்த்தப்பட்டது, 2020 ஜனவரி முதல் மீண்டும் தடை செய்யப்பட்டது.

அன்பர்களே, அந்த எச்சரிக்கையை என் தாயாருக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்க அன்று ஓர் ஆள் இல்லை. அப்படி எழுதும் வேலைக்குத்தான் இன்று தொழில்நுட்ப எழுத்து என்று பெயர். இயந்திரத்தை இயக்கும் முறை, கணினி மென்பொருளின் கையேடு, இரசாயனப் பொருளின் பாதுகாப்புக் குறிப்பு ஆகிய யாவும் இதில் அடங்கும். 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆபத்தான இரசாயனங்களின் அடையாளத் தாளும் பாதுகாப்புத் தரவுத் தாளும் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தரவுத் தாளில் மட்டும் 16 பகுதிகள். இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும்?

மாணவச் செல்வங்களே, பட்டப்படிப்பின் தொழிற்பயிற்சிக் காலத்தில் உங்கள் துறையைச் சார்ந்த இந்த வேலையைச் செய்து, அதற்குக் கிரெடிட்டும் பெறலாம். நம் நாட்டுத் தகுதிக் கட்டமைப்பில் 1 கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல் உழைப்பு. தொழிற்பயிற்சிக்குக் கணக்கு இன்னும் கடுமையானது. பொறியியல் படிப்பில் குறைந்தது 8 வாரம் தொடர்ந்து பயிற்சி பெற வேண்டும். 2 வாரத்திற்குத்தான் 1 கிரெடிட்.

ஓய்வு பெறுவதற்கு முன், ஷா ஆலாம் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சி மாணவர்களை மேற்பார்வையிட்டவன் நான். வேதியியல் படித்த மாணவி ஒருவர் துப்புரவுத் திரவத்திற்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதினார். "போதிய காற்றோட்டம் இருத்தல் அவசியம்" என்று மலாயில் அழகாகவே எழுதியிருந்தார். அதைத் துப்புரவு செய்யும் அம்மாவிடம் கொடுத்து, "படித்தபடி செய்யுங்கள்" என்றேன். அந்த அம்மா மின்விசிறியைத் தட்டிவிட்டு, சன்னல்களை மூடியபடியே வைத்திருந்தார். மாணவியின் முகம் வாடிப் போயிற்று. மறுநாள், "முதலில் இரண்டு சன்னல்களையும் திறக்கவும்" என்று திருத்தி எழுதி வந்தார். எந்தப் பாடநூலும் கற்றுத்தராத பாடம் அது.

ஆனால், ஓர் எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு நிறுவனத்துக்குக் கையேடு எழுதிக் கொடுத்தார். அதன் பிறகே கல்லூரியில் போய்க் கிரெடிட் கேட்டார். கிடைக்கவில்லை; வேறு இடத்தில் முதலிலிருந்து பயிற்சி செய்தார். ஆகவே, வேலையில் சேருமுன்பே துறையின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். கல்லூரியில் ஒருவர், நிறுவனத்தில் ஒருவர் என மேற்பார்வையாளர் இருவர் யார் என்று உறுதி செய்யுங்கள். பயிற்சிக் குறிப்பேட்டை அன்றன்றே எழுதி ஒப்பம் வாங்குங்கள். நிறுவனத்தின் இரகசியங்கள் எவை, உங்கள் அறிக்கையில் எதைச் சேர்க்கலாம் என்பதையும் முன்னரே கேட்டுக் கொள்ளுங்கள்.

இனி நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நாம் கல்விக் கட்டணத்துக்கு மனமுவந்து கொடுக்கிறோம். பயிற்சி மாதங்களை மறந்து விடுகிறோம். அம்மாதங்களில் மாணவர் காலை முதல் மாலை வரை தொழிற்சாலையில் இருக்கிறார். பகுதிநேர வேலை போய்விடுகிறது. சில நிறுவனங்கள் படி கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. அறை வாடகைக்கும் பயணச் செலவுக்கும் வழியில்லாமல், நல்ல இடத்தை விட்டுவிட்டு, வீட்டுக்கு அருகில் எங்கோ கோப்பு அடுக்கும் பயிற்சிக்குப் போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். கிரெடிட் கிடைத்தது; கல்வி கிடைக்கவில்லை. நமது நிதியில் ஒரு பகுதியைப் பயிற்சிக் கால உதவிக்கென்று ஒதுக்குமாறு செயலவையைப் பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன்.

அன்னதானம் ஒரு வேளைப் பசியைத் தீர்க்கிறது. ஒரு பிள்ளை தெளிவாக எழுதிய ஒரு வரி, முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் கண்ணையும் மூச்சையும் காக்கக்கூடும். அதுவும் தானமே என்பது என் எண்ணம். என் தாயார் இன்று இல்லை. அவர் கையில் கொடுத்தால் புரியுமா என்று நினைத்துக் கொண்டு எழுதுங்கள், பிள்ளைகளே.