கத்ரீனா: சரிந்தது சுவர்

2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை காலை. அமெரிக்காவின் லூசியானாவில் கத்ரீனா சூறாவளி கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீருக்குள் போனது. இயற்கைச் சீற்றம் என்று சொல்லி இதை முடித்துவிட என்னால் முடியாது.

அந்த ஊரின் பாதி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. மழைநீரை இறைத்து ஏரிக்கு அனுப்பக் கால்வாய்கள். அவற்றின் இருகரையிலும் வெள்ளத் தடுப்புச் சுவர்கள். 17ஆவது தெருக் கால்வாயில் வெள்ளம் சுவரின் உச்சியைத் தொடும் முன்பே சுவர் சரிந்துவிட்டது. அடிமண் அவ்வளவு இளகல். கட்டியது மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படை. வடிவமைப்பில் பிழை இருந்ததை 2006இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

சரி, முன்கூட்டியே தெரியாதா? தெரியும். 2004 ஜூலையில் 'பாம்' என்று ஒரு கற்பனைப் புயலுக்குப் பெயர் வைத்து அதிகாரிகள் ஒத்திகையே பார்த்தார்கள். ஊர் மூழ்கும், கார் இல்லாதவர்கள் சிக்கிக்கொள்வார்கள் என்று அங்கேயே பேசினார்கள். அப்படியிருந்தும், எல்லோரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று மேயர் ஆணையிட்டது புயலுக்கு முந்தின நாள்தான். கார் இல்லாத ஏழைகள் எங்கே போவார்கள்? சூப்பர்டோம் விளையாட்டரங்குக்குப் போனார்கள். கூரை பிய்ந்தது, மின்சாரம் போனது, கழிவறைகள் நிரம்பி வழிந்தன. மாநாட்டு அரங்கில் இன்னும் ஆயிரக்கணக்கானோர், குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல். நாடே தொலைக்காட்சியில் பார்த்த அந்தக் கூட்டத்தைப் பற்றித் தனக்கு வியாழக்கிழமைதான் தெரிய வந்தது என்றார், பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவின் தலைவர் மைக்கேல் பிரவுன். செப்டம்பர் 12இல் பதவி விலகினார்.

ஆனால் அரசு என்றால் எல்லாம் ஒன்றில்லை. கடலோரக் காவல் படையும் ஃபீமா இருந்த அதே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில்தான் இருந்தது. அவர்கள் ஹெலிகாப்டர்களைப் புயல் பாதைக்கு வெளியே தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். காற்று தணிந்ததும் பறந்தார்கள். 33,000 பேருக்கு மேல் மீட்டார்கள். அதே துறையில் ஒரு பிரிவால் முடிந்தது இன்னொன்றால் முடியவில்லையே என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. இறந்த சுமார் 1,400 பேரில் முதியவர்கள்தான் எத்தனை பேர்!

2021 ஆகஸ்ட் 29. அதே தேதியில் ஐடா சூறாவளி வந்தது. சுமார் 1,450 கோடி டாலரில் எழுப்பிய புதிய அரண் நியூ ஆர்லியன்ஸைக் காத்தது. அந்த அரணுக்கு வெளியே, மேற்கே இருக்கிறது லாப்ளாஸ் என்ற ஊர். அங்கே அன்றிரவு வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது.