கடலுக்கும் ஒரு பஞ்சாங்கம்



சில வாரங்களுக்கு முன் என் பேரன் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். நீலக் கடல், வெண்மணல், தென்னைகள், பல மாடிகள் கொண்ட கப்பல். அவற்றின் கீழே, ஆண்டின் எந்த நாளிலும் தீவுகளுக்கு உல்லாசப் பயணம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். "எந்த நாளிலும் போகலாமா, தாத்தா?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூகோளம் கற்பித்தவன் நான். ஆயினும் இதே கேள்விக்கு ஒருமுறை தவறான விடை கூறியவனும் நானே.

2018 மே மாதத்தில் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரும் அவர் மனைவியும் கடற்கரையைக் கண்டிருக்கிறார்களே அன்றி, கடலைக் கடந்ததில்லை. நாங்கள் நால்வரும் சென்னையிலிருந்து கப்பலேறி அந்தமான் காண்பதென முடிவு செய்தோம். தீபாவளி கழிந்தால் அவருக்குத் தறி வேலை சற்று ஓயும். மழைக்காலத்தில் வீதியில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்த இயலாது. ஆகவே நவம்பரே வசதி என்றார். "கார்த்திகை மாதத்தில் கடல் எப்படி இருக்கும் ஐயா?" என்று அவர் கேட்கவும் செய்தார். "பெரிய கப்பல், அஞ்ச வேண்டாம்" என்றேன். வகுப்பில் ஒரு மாணவன் இவ்விடையை எழுதியிருந்தால் சுழி போட்டிருப்பேன்.

சென்னையில் உறவினர் வீட்டில் வந்து தங்கினோம். வங்கக் கடலில் கஜா புயல் உருவாயிற்று. கப்பல் புறப்படும் நாள் தள்ளிப்போடப்பட்டது. பிறகு மீண்டும் தள்ளிப்போயிற்று. நண்பருக்கோ தை முகூர்த்தங்களுக்கான சேலைகளைக் குறித்த நாளில் நெய்து கொடுக்க வேண்டிய பொறுப்பு. நான்காம் நாள், "அடுத்த கப்பலில் பார்த்துக்கொள்வோம் ஐயா" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கப்பலுக்கென்று சுட்டுக் கொண்டுவந்த முறுக்கை அவ்வீட்டுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, வெறும் டப்பாவுடன் பேருந்தில் ஏறினார். அந்த டப்பாவை நான் இன்றும் மறக்கவில்லை. நவம்பர் 16 அதிகாலை அப்புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. எங்கள் ஏமாற்றம் அதன்முன் எம்மாத்திரம்? எனினும் பிழை புயலுடையது அன்று, என்னுடையது.

நம் கடல்களுக்கு இரண்டு பருவக் காற்றுகள் உண்டு என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று. கேரளத்தை ஜூன் தொடக்கத்தில் எட்டும் மழை, அந்தமான் கடலை மே மாதம் இருபதாம் தேதியை ஒட்டியே எட்டிவிடுகிறது. வங்கக் கடலில் புயல்கள் மிகுந்து தோன்றுவது மே மாதத்திலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும். 2016 டிசம்பரில் ஹேவ்லாக் தீவில், அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் புயற்காற்றில் சிக்கிக்கொண்டனர். கடற்படைக் கப்பல்கள் சென்றே அவர்களை மீட்டன. எஞ்சுவது எது? பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். அம்மாதங்களில் மழை குறைவு. கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

உல்லாசக் கப்பல்களை நடத்துவோர் இதை நன்கு அறிவர். 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் பயணங்களைத் தொடங்கியது நினைவிருக்கலாம். அது மும்பையைத் துறையாகக் கொண்டிருந்த கப்பல். தென்மேற்குக் காற்று அரபிக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் நம் கரைக்கு வந்தது. கப்பலே காற்றுக்கு ஏற்ப இடம் மாறுகிறது. விளம்பரத்தில் மட்டும் காற்று வீசுவதில்லை!

அப்படியானால் எந்நாளும் செல்லத்தக்க தீவே இல்லையோ எனக் கேட்பீர்கள். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அந்த விளம்பரம் ஏறக்குறைய உண்மையாகிறது. பூமியின் சுழற்சியால் காற்று வளையும் தன்மை அங்கே மிகக் குறைவாதலால் புயற்சுழி உருவாவது அரிது. ஆயினும் 2001 டிசம்பரில் வாமெய் என்னும் புயல், சிங்கப்பூருக்கு அருகே, ரேகையிலிருந்து ஒன்றரைப் பாகைக்குள்ளேயே தோன்றி வானிலை அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. அரிது என்பது இல்லை என்பதாகாது.

இனி உங்கள் இடர்ப்பாட்டுக்கு வருகிறேன். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் உங்களுக்குத் தேர்வு! கோடை விடுமுறை முற்றி மே மாத இறுதி வரும்போது அந்தமானில் மழை பிடித்துவிடும். ஆகவே தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் பிற்பகுதியில் புறப்படுவதே உங்களுக்கு உகந்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) அரசுக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாட்கள். மாதத்தில் சில முறையே கப்பல் உண்டு. அந்த நாட்களும் மாறக்கூடும். திரும்பி வந்த மறுநாளே கல்லூரி நேர்முகம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று நாட்களைக் கையிருப்பாக விட்டு வையுங்கள். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்பது இயன்றவர்க்கு நல்ல ஏற்பாடு. இலட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து கப்பல் உண்டு; ஆனால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெறவேண்டும். வானொலியில் துறைமுகங்களில் ஏற்றப்படும் கூண்டு எண்களைக் கேட்டிருப்பீர்கள். அவை ஒன்று முதல் பதினொன்று வரை. ஒன்றும் இரண்டும் புயல் தொலைவில் இருப்பதைக் குறிக்கும். கரையில் இருப்பவர் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. கப்பலேறப் போகிறவர் அவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

போகும் தீவின் நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரிலேயே இதற்கொரு சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், இங்கிருந்து கடல் வழியே இலங்கை செல்ல எண்ணியிருந்தார். மூன்று நாள் பயணம் என்று அவர் வரலாறு கூறுகிறது. அப்போது இலங்கைத் துறவியர் பலர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். அங்கே மன்னன் இறந்தான், நாட்டில் பஞ்சம், குழப்பம் என்று தெரிவித்தனர். அவர் பயணத்தைக் கைவிட்டு வேறு திசை சென்றார். எத்தனையோ மலைகளையும் பாலையையும் கடந்து வந்தவர் மூன்று நாள் கடலைக் கடக்கவில்லை!

2019 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் அந்தமான் சென்று வந்தோம். இரண்டாம் நாள் காலை கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. பறக்கும் மீன்கள் கூட்டமாக எழுந்து விழுந்தன. நண்பர் வரவில்லை. மாசி முகூர்த்தங்களுக்கு அவர் தறி ஓடிக்கொண்டிருந்தது. கடல் அமைதியாக இருக்கும்போது அவருக்கு ஓய்வில்லை. ஆடியிலும் கார்த்திகையிலும் அவருக்கு ஓய்வு, அப்போது கடலுக்கு ஓய்வில்லை. 2020 ஏப்ரலில் கட்டாயம் போவோம் என்றோம். அவ்வாண்டு உலகமே வீட்டுக்குள் அடைபட்டது. பின்னர் மகளின் படிப்பு, திருமணம் என்று ஆண்டுகள் ஓடின.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு பாவு முடிந்து, அடுத்ததைப் பிணைக்க இன்னும் நாள் இருந்தது. நாட்காட்டியை எடுத்து, வரும் பங்குனிக் கடைசியையும் சித்திரை முதல் வாரத்தையும் விரலால் காட்டினேன். அந்த இடைவெளியில் தறியை நிறுத்திவைக்க இயலும் என்றார். "இந்த முறை கடலைக் கேட்டுக்கொண்டுதானே சொல்கிறீர்கள் ஐயா?" என்று சிரித்தார். உள்ளிருந்து அவர் மனைவி, முறுக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்படி சுடவேண்டும் என்று கேட்டார். போக மூன்று, கையிருப்பு மூன்று. ஆறு நாளைக்கு என்றேன்.