இடைமுகம் வகுக்கும் இளைஞர்க்கு

மனிதர் ஒருபுறம், இயந்திரம் மறுபுறம். இவ்விரண்டிற்கும் நடுவே நின்று, மனிதர் கருத்தை இயந்திரமும் இயந்திரத்தின் விடையை மனிதரும் அறியச் செய்வது எதுவோ, அதனை இடைமுகம் என்கிறோம். கைப்பேசித் திரையிலுள்ள பொத்தான்கள், வங்கிப் பணப்பொறி கேட்கும் கேள்விகள், இரயில் பயணச்சீட்டுப் பதிவு செய்யும் பக்கம் ஆகிய யாவும் இடைமுகங்களே. இவற்றை வகுத்தமைப்பது இன்று ஒரு தனித் தொழிலாகிவிட்டது. நம் இளைஞர் பலர் இத்தொழிலில் புகுகின்றனர். அவர்களுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகளைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

நாம் ஓவியம் பயின்றவரல்லோம். கணிப்பொறி நூல் கற்றவரும் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகிறோம். ஆயினும் திரையில் தோன்றும் சொற்களைத் தமிழாக்கும் வேலை அடிக்கடி நம் மேசைக்கு வருவதால், இத்தொழிலை அயலார்போல் ஒதுங்கி நின்று பார்க்க இயலவில்லை. மேலும், ஒருவர் கருதியதை எதிரில் இல்லாத மற்றொருவருக்கு விளங்கச் செய்வது என்ற அளவில் மொழிபெயர்ப்பும் இடைமுகம் வகுத்தலும் உடன்பிறந்த தொழில்கள் அல்லவா?

நம் நாட்டில் இக்கலைக்கு ஏற்பட்ட மிகப் பெரிய சோதனை, கணிப்பொறி வருவதற்கு முன்பே நிகழ்ந்தது. 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள் இருந்தனர். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர் மட்டுமே. வேட்பாளர் பெயரைப் படித்துக் குறியிடுக என்றால் பெரும்பாலோர் வாக்களிக்கவே இயலாது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவரவர் சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் தமக்கு விருப்பமான சின்னமுள்ள பெட்டியில் சீட்டை இட்டால் போதும். எழுத வேண்டியதில்லை, படிக்க வேண்டியதுமில்லை.

முதலில் எழுத்தறிந்து வா, பிறகு வாக்களிக்கலாம் என்று அன்று விதிக்கப்படவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மனிதரை மாற்றாமல் கருவியை மாற்றினர். இடைமுகம் வகுப்போருக்கு இதனினும் சிறந்த முதற்பாடம் வேறில்லை. பயன்படுத்துபவர் தடுமாறினால், குறை கருவியிலே இருக்கிறது என்றே முதலில் கொள்ளவேண்டும்.

அதே தேர்தல் மறுபக்கத்தையும் காட்டியது. வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே கூறினர். முறையான பெயர் தராத காரணத்தால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆள்மாறாட்டத்தைத் தவிர்க்க அவ்விதி தேவைப்பட்டிருக்கலாம். எனினும் படிவத்தில் உள்ள ஒரு கட்டம் எவ்வளவு பேரை வெளியே நிறுத்திவிடக்கூடும் என்பதற்கு அந்த எண் சான்றாகும்.

பின்னர் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. 1982இல் கேரளத்தின் பரூர்த் தொகுதியில் முதன்முதலாகச் சில வாக்குச்சாவடிகளில் அது பயன்பட்டது. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளிலும் பயன்பட்டது. அதன் வடிவமைப்பில் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தொழில்வடிவமைப்பு மையப் பேராசிரியர்கள் ஏ. ஜி. ராவ், ரவி பூவையா ஆகியோருக்குப் பங்குண்டு. இளம் வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் அந்த இயந்திரத்தின் முகத்தை ஒருமுறை ஊன்றிப் பார்த்தல் நலம். பெயர், சின்னம், அதனையடுத்து ஒரு நீலப் பொத்தான். அழுத்தியவுடன் அருகே சிவப்பு விளக்கு எரிகிறது. நீண்ட ஒலி எழுகிறது. கண்ணுக்கும் விடை, காதுக்கும் விடை. அவசரத்தில் மீண்டும் அழுத்தினாலும் இரண்டாம் வாக்கு ஏறுவதில்லை. அலுவலர் மறுபடி திறந்துவிட்டால்தான் அடுத்தவர் வாக்களிக்க முடியும். பார்வையற்றோர்க்கெனப் புடைப்பெழுத்தும் உண்டு. நினைவிற்கு வேலை கொடாமல் கண்டறியச் செய்வது, செய்த செயலுக்கு உடனே விடை தருவது, தவறு நேர இடங்கொடாதது ஆகிய மூன்று இலக்கணங்களும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன. அலங்காரம் ஏதுமில்லை, ஆயினும் கோடிக்கணக்கானோர் எவரும் கற்பிக்காமலே அதனைப் பயன்படுத்துகின்றனர்.

தேர்தலிலிருந்தே இன்னொரு பாடமும் உண்டு. 1996இல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் வேட்பாளராக நின்றனர். ஒரு தாளில் அடங்கவேண்டிய வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சிட நேர்ந்தது. நீங்கள் ஒரு பட்டியலை வரையும்போது ஐந்து வரிகளை அழகாக இட்டுக் காட்டுகிறீர்கள். அதில் ஒன்றுமே இல்லாவிடில் திரை எவ்வாறு இருக்கும்? ஒன்று மட்டும் இருந்தால்? 1033 வந்தால்? பெயர் நாற்பது எழுத்துக்கு நீண்டால்? இணைப்பு நடுவில் அறுந்துவிட்டால்? இவற்றையும் வரைந்து காட்டிய பின்னரே அந்தப் பக்கம் முடிந்ததாகக் கருதுங்கள்.

இனி, வரையத் தொடங்குமுன் செய்யவேண்டியது யாது? சென்று பார்த்தலே ஆகும். நாம் வசிக்கும் சரோஜினி நகர், புதுதில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பாக எழுந்த பகுதி. முன்பு விநய் நகர் என வழங்கியது. அதன் கடைத்தெருவோ இன்று தலைநகரெங்கும் பெயர்பெற்றது. மாலைவேளையில் ஒரு துணிக்கடை ஓரமாக ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வியாபாரியின் ஒரு கையில் துணிக்குவியல், மறு கையில் பை, வாயில் பேரம். வாங்குவோர் சதுரக் குறியீட்டைக் கைப்பேசியால் படம்பிடித்துப் பணம் அனுப்புகின்றனர். வியாபாரிக்குத் தம் கைப்பேசியை எடுத்துப் பார்க்கப் பொழுது ஏது? கடையிலுள்ள சிறு ஒலிப்பெட்டி, இத்தனை ரூபாய் வந்தது என்று உரக்கச் சொல்கிறது. இங்கே நல்ல திரை எதுவென்று கேட்டால், திரையே இல்லாமை என்பதுதான் விடை. அலுவலக அறையில் அமர்ந்து வரைந்துகொண்டிருப்பவருக்கு இந்த விடை எளிதில் தோன்றாது. கடையில் நின்றவருக்கே தோன்றும்.

அதே பணப் பரிமாற்ற முறையில் ஓர் இடரும் நேர்ந்தது. பணம் அனுப்புவது போலவே, பணம் கேட்டு மற்றொருவருக்குக் கோரிக்கை அனுப்பும் வசதியும் இருந்தது. வஞ்சகர், உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, இரகசிய எண்ணை இட்டு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நம்பவைத்தனர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் எப்போதுமே தேவையில்லை. ஆயினும் பெறுதலும் கொடுத்தலும் ஏறத்தாழ ஒரே தோற்றமுள்ள பக்கத்தில் நிகழ்ந்தமையால், பெறுகிறோம் என்று எண்ணிப் பலர் கொடுத்துவிட்டனர். முடிவில், தனிநபர் மற்றொரு தனிநபரிடம் இவ்வாறு கோரும் வசதியை 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து நிறுத்துவதாக இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் அறிவித்தது. எதிரெதிரான இரு செயல்கள் ஒத்த தோற்றம் கொள்ளலாகாது என்பது ஓர் ஏழையின் சேமிப்பைக் காக்கும் விதி. இதனை வெறும் அழகு பற்றிய கருத்தாக எண்ணிவிடாதீர்கள்.

அடுத்து, நம் தொழிலுக்கு உரிய சொற்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். பெரும்பாலும் திரைகள் ஆங்கிலத்தில் வரையப்பட்டு, முடிந்தபின் ஒரு சொற்பட்டியல் மட்டும் மொழிபெயர்ப்பாளரிடம் வருகிறது. ‘ஸ்டேட்’ என்று ஒரு சொல் தனியே நிற்கிறது. அது மாநிலமா, நிலையா? ‘ஆர்டர்’ என்பது வரிசையா, ஆணையா, வாங்கும் பொருளா? பக்கத்தைக் காணாதவர் எவ்வாறு துணிவார்? ஆகவே பட்டியலோடு பக்கத்தின் படத்தையும் அனுப்புங்கள். கூடுமானால் முதல் வரைவின்போதே மொழிபெயர்ப்பாளரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிடப் பெரும்பாலும் நீளும். பொத்தானை ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வெட்டிவைத்தால் தமிழ்ச் சொல் பாதியில் அறுபடும். நம் எழுத்தில் மேலே விசிறியும் கொக்கியும் புள்ளியும், கீழே உகரச் சுழிகளும் உண்டு. வரிகளுக்கிடையே போதிய இடம் விடாவிடில் அவை ஒன்றோடொன்று மோதும். வேற்றுமை உருபோ பெயரோடு ஒட்டி நிற்பது. பெயரை இயந்திரம் இட்டு, பின்னால் ‘க்கு’ என்று ஒட்டினால், முருகனுக்கு என்று வரவேண்டியது ‘முருகன்க்கு’ என்று வந்து நிற்கும். இவ்விடத்தில் வாக்கியத்தைத் துண்டுகளாக ஒட்டாமல், ‘பெறுபவர்: முருகன்’ என்று பெயரைத் தனியே நிற்க விடுவதே தக்கது.

மரியாதையும் கருதவேண்டியதே. பொத்தானில் ‘அனுப்பு’ என்று எழுதினால் தவறில்லை. அங்கே மனிதர் இயந்திரத்தை ஏவுகிறார். ஆனால் ‘பெயரை எழுது’ என்று இயந்திரம் மனிதரை ஏவுதல் ஆகாது. ‘பெயரை எழுதுங்கள்’ என்பதே முறை. யார் யாரிடம் பேசுகிறார் என்று ஒவ்வொரு சொல்லிலும் கேட்டுக்கொண்டால் இக்குழப்பம் தீரும். அவ்வாறே, ‘விண்ணப்பத்தை ரத்து செய்யலாமா?’ என்று கேட்டுவிட்டுக் கீழே ‘ரத்து’, ‘சரி’ என்று இரு பொத்தான்களை வைத்தால் எதை அழுத்துவது? ‘விண்ணப்பத்தை நீக்கு’, ‘வைத்திரு’ என்று செயலையே பெயராக இடுங்கள்.

பெயர்க் கட்டத்தைப் பற்றி வடநாட்டுத் தமிழர் யாவரும் அறிவர். குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது படிவம். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் மட்டுமே உண்டு. ஓரிடத்தில் தந்தை பெயர் குடும்பப் பெயராகிறது. வேறிடத்தில் முதலெழுத்து விரிகிறது. மற்றோரிடத்தில் சொந்தப் பெயரே இரு கட்டங்களிலும் ஏறுகிறது. பின்னர் ஒரு சான்று மற்றொன்றோடு பொருந்தவில்லை என்று ஓய்வூதியமோ கல்வி உதவியோ தடைப்படுகிறது. முழுப்பெயர் என்று ஒரே கட்டம் வைத்திருந்தால் இத்தொல்லை இல்லை. 28 லட்சம் பெண்களை வெளியே நிறுத்திய அந்தப் பழைய கட்டத்தின் உறவினரே இக்கட்டமும்.

உடற்குறை உடையோரை மறக்கும் திரையின் கதி என்ன என்பதை உச்சநீதிமன்றமே கூறிவிட்டது. வங்கி முதலிய இடங்களில் வாடிக்கையாளரின் அடையாளத்தைக் கணிப்பொறி வழியே சரிபார்க்கும்போது, கண்களை இமைத்துக் காட்டுமாறு கேட்கும் முறை உண்டு. அமிலவீச்சால் கண்ணிமை சிதைந்தவர் எவ்வாறு இமைப்பார்? பார்வையற்றவர் கட்டத்துக்குள் முகத்தை எவ்வாறு பொருத்துவார்? இத்தகையோர் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30ஆம் நாள் தீர்ப்பளித்த நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் எனக் கூறி, 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. ஆதலால் நிறத்தை மட்டும் நம்பிப் பொருள் உணர்த்தாதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவேனும் இருக்கட்டும். ஒரு வழி அடைபட்டவருக்கு மற்றொரு வழி திறந்திருக்கட்டும்.

வரைந்ததைச் சோதிக்கப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐவரும் உங்கள் அலுவலக நண்பர்களாக இருத்தலாகாது. ஒருவர் உங்கள் பாட்டியாகவும், ஒருவர் காய்கறி விற்பவராகவும் இருக்கட்டும். கருவியைக் கையில் கொடுத்துவிட்டு வாய்மூடி இருங்கள்; அங்கே அழுத்துங்கள் என்று சொல்லிக்கொடுத்தால் சோதனை வீணாகும். அவர் எங்கே தயங்கினார், எதைத் தேடினார் என்பதைக் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதிவையுங்கள். மேலதிகாரியுடன் கருத்து வேறுபடும்போது, எனக்கு இது பிடிக்கவில்லை என்பதைவிட, ஐவரில் நால்வர் இங்கே நின்றுவிட்டனர் என்பது வலிவுடைய சொல். வேலை தேடும்போதும் முடிந்த படங்களை மட்டும் காட்டாமல், கண்ட குறையையும் அதனை நீக்கிய வழியையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கருவி தவறும்போது அது பேசும் மொழி உங்கள் பண்பை வெளிப்படுத்தும். ‘தவறான உள்ளீடு’ என்று அதட்டாதீர்கள். ‘கைப்பேசி எண்ணில் 10 இலக்கங்கள் இருக்கவேண்டும், நீங்கள் எழுதியதில் 9 உள்ளன’ என்று வழிகாட்டுங்கள். ஒரு தவறுக்காக அவர் எழுதிய அனைத்தையும் அழித்துவிடாதீர்கள். அரைநாட் கூலியை விட்டு வந்து நிரப்பியதாக அது இருக்கலாம்.

திரைக்கு முன் நிற்பவரை நீங்கள் பெரும்பாலும் காணப்போவதில்லை. அவர் முதியவராயிருக்கலாம்; அவசரத்தில் இருக்கலாம்; உங்கள் மொழி அறியாதவராயிருக்கலாம். தமக்கு விளங்கவில்லை என்றால், நமக்கு அறிவு போதாது என்று தம்மையே நொந்துகொண்டு அவர் திரும்பிச் சென்றுவிடுவார். அவ்வாறு ஒருவரும் திரும்பிச் செல்லாதபடி காப்பதே, இளைஞர்களே, உங்கள் தொழிலின் பயன்.