பூனைக்கும் ஒரு மனை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் மொழியின் தொன்மையைப் பற்றியும், பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் வாழ்வைப் பற்றியும் பேசுவது மரபு. யான் பூனையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது செயலாளர் அவர்கள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கம்பரே பூனையைப் பற்றிப் பேசியிருக்கிறார், நீங்களும் பேசலாம்" என்று இசைவு தந்தார். உண்மைதான். இராமகாதையைப் பாடப் புகுந்த கம்பர், பாற்கடலை நக்கிக் குடித்துவிட எண்ணிய பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார். அவருக்குப் பூனை உவமை. எனக்கோ அதுவே பொருள்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல்லாண்டுகளுக்கு முன்னர், வேறொரு தொழில் நகரில் நிறுவனக் குடியிருப்பில் வாழ்ந்தோம். பின்கட்டுக்கு ஒரு பெண் பூனை வந்து சேர்ந்தது. அதைத் தேடிச் சென்று வளர்த்தோம் என்று சொல்ல இயலாது. மீன் கழுவிய நாளில் வந்தது, மறுநாளும் வந்தது, பிறகு போகவில்லை. என் மகள் அதற்குக் குட்டிம்மா என்று பெயரிட்டாள். நான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்தது. எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. லாரியில் கட்டில், பீரோ, அம்மிக்கல் உட்பட அனைத்தும் ஏறின. குட்டிம்மா சுற்றுச்சுவரின் மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டார் சோறு வைப்பார்கள் என்று மகளிடம் சொன்னேன். அடுத்த வீட்டாரிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதே உண்மை.

ஓராண்டு கழித்து அலுவல் காரணமாக அங்கே சென்றேன். அடுத்த வீட்டாரும் மாற்றலாகிப் போயிருந்தனர். பல நாள் பூட்டிய கதவின் முன் படுத்திருந்தது, பிறகு காணவில்லை என்று காவலாளி சொன்னார். அதை என் மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை. இவ்வாண்டு மலரில் இவ்வுரை அச்சேறும்போது அவள் படித்துக் கொள்ளட்டும்.

இந்தக் கதையை ஸ்ரீ சிட்டியில் ஏன் சொல்கிறேன் என்றால், இது மாற்றலால் ஆன ஊர். 2008-ஆம் ஆண்டில் தொழில்நகராகத் தொடங்கப்பட்டது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 2022-இல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர் மாறினாலும், ஆந்திர எல்லையைத் தாண்டி வேலைக்கு வந்த நாம் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்துவிட்டுப் போவது மாறவில்லை. பள்ளி ஆண்டு முடியும் ஏப்ரல், மே திங்கள்களில் நம் தெருக்களில் லாரிகள் நிற்பதைப் பார்க்கிறோம். லாரி போன மறுநாள், மூடிய கதவின் முன் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தவர் எத்தனை பேர்? வீடு என்பதன் அருமை, வீட்டை விட்டு வந்த நமக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இவ்வாறு விட்டுச் செல்வது மனக்குறையோடு முடியும் செய்தியும் அன்று, சட்டப்படி குற்றம். பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் தக்க காரணமின்றி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி தண்டத்திற்குரியது. அச்சட்டத்திற்கு வித்திட்டவர் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அவர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்து வாதாடினார். அதன் பயனாகவே அரசு பின்னர் இச்சட்டத்தை இயற்றியது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. ஆனால் முதற் குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் என்பதாகும். ஐம்பது ரூபாய்க்கு அஞ்சி எவரும் பூனையை உடன் அழைத்துச் செல்லப் போவதில்லை. ஆகவே இதைச் சட்டத்திடம் விட்டுவிடாமல் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

செய்ய முடியுமா? ஒரு குடும்பம் செய்து காட்டியிருக்கிறது. சென்னையில் விமான ஓட்டியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம் அவர்கள், மழை வெள்ளம் சூழ்ந்த தெருவொன்றில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்தார். 1959-இல் அவர் வீட்டில் அவ்வாறு தொடங்கியதே இன்று கிண்டி வேளச்சேரிச் சாலையில் காப்பகமாக விளங்கும் புளூ கிராஸ். அவருடைய துணைவியார் உஷா சுந்தரம் அம்மையாரும் விமானம் ஓட்டியவர். தெரு நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடை செய்க என்று அவர்கள் 1964-ஆம் ஆண்டிலேயே சொல்லத் தொடங்கினர். சென்னை மாநகராட்சி அதனைத் தன் கொள்கையாக ஏற்றது 1996-இல்! ஒரு நல்ல யோசனை ஏற்கப்பட முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின என்பதை, நம் செயற்குழுவில் ஒரு தீர்மானம் மூன்று திங்கள் தாமதமானால் முகம் சுளிப்போர் நினைவிற் கொள்ளலாம்.

ஆயினும் காப்பகத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்துக் காப்பகத்தின் வாயிலில் சேர்த்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று கருதுகிறோம். காப்பகம் ஒரு சத்திரம். இராத் தங்கலாம், குடித்தனம் நடத்த இயலாது. பல பூனைகள் ஓரிடத்தில் நெருங்கி வாழும்போது நோய் விரைவில் பரவும். பூனைகளைத் தாக்கும் பான்லுக்கோபீனியா என்னும் வைரஸ் நோய் தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களுக்குள் கொண்டு போய்விடும். ஒரு பூனைக்கு ஒரு வீடு கிடைத்தால் காப்பகத்தில் ஓர் இடம் ஒழியும். அவ்விடத்தில் இன்னோர் உயிர் பிழைக்கும். இலண்டனில் 1860-இல் நாய்களுக்காகத் தோன்றி, 1883 முதல் பூனைகளையும் ஏற்ற பாட்டர்சி இல்லம் இன்றளவும் செய்து வருவது இதுதான்: வாங்குவது, தேற்றுவது, தக்க வீட்டில் சேர்ப்பது.

அந்தத் 'தக்க வீடு' என்பதில்தான் தொண்டர்களுக்கு வேலை இருக்கிறது. குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவதைத் தொண்டு என்று சிலர் எண்ணுகின்றனர். தொண்டின் பெரும்பகுதி கேள்வி கேட்பதே. வீட்டில் உள்ள அனைவருக்கும் சம்மதமா? மாடிக் குடியிருப்பாயின் பால்கனிக்கு வலை அடித்திருக்கிறதா? ஊருக்குப் போகும் நாட்களில் யார் பார்ப்பார்கள்? அடுத்த மாற்றல் எப்போது, அப்போது இது உங்களோடு வருமா? இக்கேள்விகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் கேட்பதுபோல் நயமாகவும் விடாமலும் கேட்க வேண்டும். தக்க விடை வராவிட்டால், எதிரில் இருப்பவர் நம் மேலதிகாரியாகவே இருந்தாலும், இல்லை என்று சொல்ல வேண்டும். அதுவே மிகக் கடினம்.

நம் வீடுகளுக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு. மரக்கறி உண்ணும் குடும்பங்கள் இங்கே பல. தயிர்ச் சோறு போட்டு வளர்த்துவிடலாம் என்று அன்போடு சொல்கிறார்கள். பூனையின் உடலமைப்பு அதற்கு இடங்கொடாது. டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலுமே போதிய அளவில் உண்டு. அது இல்லையெனில் பூனைக்குக் கண்பார்வை கெடும், இதயம் நலியும். இஃது 1970-களிலும் 1980-களிலும் ஆராய்ந்து தெளிந்த உண்மை. கடையில் விற்கும் பூனை உணவில் அச்சத்தைச் சேர்த்தே விற்கிறார்கள். அதை வாங்கி வைக்க மனம் இசைந்தால் சரி, இசையாவிடில் வேறு உயிரை வளர்ப்பதே இரு தரப்பாருக்கும் நன்று. பசும்பாலும் பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை. இன்னொன்று: காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். தரை துடைக்கும் பினாயிலும் அதற்கு நஞ்சு. தாய்மார்கள் இவ்விரண்டையும் தயவுசெய்து குறித்துக் கொள்ள வேண்டும்.

குட்டிகளுக்கு வீடு தேடும் வேலை முடியாமல் நீள்வதற்குக் காரணம் ஒன்றே. பூனையின் கருக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள். நான்கைந்து திங்கள் வயதிலேயே பெட்டை சூல் கொள்ளக்கூடும். குட்டிகள் பால் குடிக்கும் காலத்திலேயே மறுபடியும் கருவுறக்கூடும். நான்கு குட்டிகளுக்கு வீடு தேடி முடிப்பதற்குள் அடுத்த நான்கு வந்து நிற்கும். ஆகவே கருத்தடை முதலில், கொஞ்சுதல் பிறகு. அறுவை முடிந்த தெருப் பூனைக்கு அடையாளமாக ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடுவது வழக்கம். அதைக் கண்டு யாரோ கொடுமை செய்தார்கள் என்று பதற வேண்டா. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; வேப்பேரியில் உள்ள சென்னைக் கல்லூரி 1903-இல் தோன்றியது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் நமக்கு மருத்துவர் இல்லை என்ற குறை கிடையாது. வண்டியும் வண்டிச் செலவும்தான் குறை.

செலவு என்றதும் நிதிக்கு வருகிறேன். நம் பாட்டிமார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வந்தார்கள். யாருக்கும் பாரமாக இல்லாத அந்தப் பிடியரிசி எத்தனையோ பேர் பசியைப் போக்கியது. திங்கள்தோறும் வீட்டுக்கு ஒரு சிறு தொகை அவ்வாறு ஒதுங்கினால் போதும். பணம் இல்லையெனில் பழைய செய்தித்தாள், கிழிந்த புடவை, துண்டு, பிரம்புக் கூடை எதுவும் காப்பகத்துக்கு உதவும். இங்குள்ள ஜப்பானிய நண்பர்களைக் கேளுங்கள்: வாகயாமா மாநிலத்தில் மூடப்படும் நிலையில் இருந்த ஒரு சிறு ரயில் பாதையில், கிஷி நிலையத்துக்கு 2007-இல் தாமா என்ற பூனையை நிலைய அதிபராக நியமித்தார்கள். அதைக் காண மக்கள் திரண்டனர், பாதை பிழைத்தது. 2015-இல் தாமா மறைந்தபோது ஆயிரக்கணக்கானோர் வந்து வணங்கினர். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டா. நம் தெருப் பூனைகளின் படங்களைக் கொண்டு ஒரு நாட்காட்டி அச்சிட்டு விற்கலாம். ஆனால் வரவு செலவு திங்கள்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பூனையின் பெயரால் வாங்கிய பணத்துக்குக் கணக்கு இல்லை என்ற பேச்சு ஒருமுறை வந்துவிட்டால் அதன்பின் எந்தப் பூனைக்கும் பணம் வராது.

மறுப்புகளும் எழும். பழவேற்காட்டு ஏரியும் நேலப்பட்டுப் பறவைச் சரணாலயமும் அருகில் இருக்க, பறவைகளைத் தின்னும் பூனைக்குப் பரிவா என்று ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகவே வீட்டுக்குள் வளர்க்கச் சொல்கிறேன். தெருவில் பெருகும் பூனையே பறவைக்குப் பகை. கருப்புப் பூனை குறுக்கே வந்தால் ஆகாது என்பாருக்கு விடை சொல்ல எனக்கு நேரமில்லை; அந்த நிறத்துக் குட்டிக்கு ஆள் கிடைப்பதுதான் அரிதாகிறது.

2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சீனத்திலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு சரக்குப் பெட்டகத்தில் பூனை ஒன்று அகப்பட்டது. கொரோனா அச்சம் பரவிய நேரம். வந்த வழியே திருப்பி அனுப்ப அதிகாரிகள் எண்ணினர். விலங்கு நல அன்பர்கள் விடாது வாதாடினர். சில திங்கள் காவலுக்குப் பின் அது விடுவிக்கப்பட்டது. அத்துறைமுகத்துப் பெட்டகங்களே நம் தொழிற்சாலைகளுக்கும் வருகின்றன. திருமலை உள்ள மாவட்டத்தில் வாழும் நாம், வைணவப் பெரியோர் சொன்ன மார்ச்சால நியாயத்தைக் கேட்டிருப்போம்: தாய்ப் பூனை குட்டியை வாயில் கவ்விச் செல்கிறது, குட்டி செய்வது ஒன்றுமில்லை. பெட்டகத்தில் வந்த அந்தப் பூனையும் ஒன்றும் செய்யவில்லை. கவ்வி எடுக்கச் சிலர் இருந்தார்கள்.

மண்டபத்தின் வாயிலில், பன்னீர்ச் செம்புக்கு அருகே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். இவ்வாண்டு மாற்றலாகிச் செல்லும் குடும்பங்கள் தம் வீட்டுப் பூனையின் பெயரையும் புறப்படும் திங்களையும் அதில் எழுத வேண்டும். உடன் கொண்டு செல்வோருக்குக் கூடை தருகிறோம், இயலாதோருக்கு இரண்டு திங்கள் முன்னதாகவே வீடு தேடத் தொடங்குகிறோம். மூன்றாம் தெருவில் சென்ற திங்கள் காலியான வீட்டின் படியில் ஒரு வெள்ளைக் கடுவன் இருக்கிறது. மூன்று வயது இருக்கும், அறுவை ஆயிற்று, ஊசியும் போட்டாயிற்று. குழந்தைகளிடம் சாதுவாக இருக்கிறது. இரவு உணவுக்குப் பின் பார்க்க விரும்புவோர் என்னுடன் வரலாம்.