காத்திருந்தவன் கோழையா?

(பட்டிமன்றத் தலைப்பு: போர்க்களத்தில் பெரிதும் துணை நிற்பது வீரனின் சினமா? நிதானமா?)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி மேசையை மூன்று முறை ஓங்கிக் குத்தினார். கோபம் இல்லாதவன் பிணத்துக்குச் சமம் என்றார். நல்லாத்தான் பேசினார். ஆனால் மூன்றாவது குத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து, அவருடைய குறிப்புச் சீட்டு அத்தனையும் நனைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவர் பேசியது எதுவுமே தலைப்புக்குச் சம்பந்தமில்லை. நடுவர் ஐயா, என் கட்சிக்கு முதல் சாட்சி அவர்தான். (சிரிப்பு, கைதட்டல்)

கோபமே வேண்டாம்னு நான் சொல்ல வரலைங்க. அநியாயத்தைக் கண்டால் கோபம் வரணும். வந்த கோபத்தின் கடிவாளம் யார் கையில் இருக்கிறது? அதுதான் என் கேள்வி. உங்கள் கையிலா, உங்கள் எதிரியின் கையிலா?

கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபாலைக் கேளுங்கள், சொல்வான். கி.மு. 218-இல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கியவன். யானை கதை எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று அவனிடம் இருந்தது. எதிரிப் படையில் எத்தனை குதிரை என்று கேட்பதோடு அவன் நிற்கமாட்டான். எதிர்ப்படைத் தளபதி எப்படிப்பட்ட ஆள், எதைச் சொன்னால் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வரும் என்றும் விசாரிப்பான்.

டிரெபியா ஆற்றங்கரை. டிசம்பர் மாதக் குளிர். ரோமானியத் தளபதி செம்ப்ரோனியஸ் அவசரக்காரன். விடியற்காலையில் ஹானிபாலின் குதிரை வீரர்கள் சிலர் ஆற்றைக் கடந்து வந்து, ரோமானியப் பாசறை மேல் ஈட்டியை எறிந்து சீண்டினார்கள். செம்ப்ரோனியஸுக்கு ரத்தம் கொதித்தது. 'விடாதே, பிடி!' என்று மொத்தப் படையையும் கிளப்பிவிட்டான். வீரர்கள் யாரும் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. மழையில் பெருகிய ஆற்றில் மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையேறியபோது, ஆயுதத்தைப் பிடிக்கக்கூடக் கை விறைத்துப் போயிருந்தது. அந்தப் பக்கம் ஹானிபாலின் ஆட்கள் வயிறாரச் சாப்பிட்டு, நெருப்பில் குளிர்காய்ந்து, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். தாய்மார்களே, 'ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க'ன்னு நீங்கள் வாசல்வரை ஓடி வருகிறீர்களே, அது ராணுவ ஆலோசனைங்க! (கைதட்டல்)

அடுத்த ஆண்டு ஃபிளமினியஸ் என்கிற தளபதி. அவன் கண்ணெதிரே ஊர்களைக் கொளுத்தினான் ஹானிபால். ஃபிளமினியஸ் ஆத்திரத்தோடு துரத்தினான். டிராசிமென் ஏரிக்கும் மலைக்கும் நடுவே, பனிமூட்டத்தில், பதுங்கியிருந்த படை அவனை மூடிக்கொண்டது. சுமார் 15,000 ரோமானியர்கள் மாண்டார்கள். தளபதியும் போனான்.

அப்போதுதான் ஃபேபியஸை அழைத்தார்கள். அவன் மலைமேலேயே நின்றுகொண்டான். ஹானிபால் நடந்தால் நடந்தான், நின்றால் நின்றான். நேருக்கு நேர் சண்டை கிடையாது. தானியம் தேடிப் போகிற சின்னச் சின்னக் கூட்டங்களை மட்டும் மடக்கினான். ரோம் நகரமே அவனைப் பார்த்துச் சிரித்தது. அங்கே பிள்ளைகளுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் வரை போக ஓர் அடிமை இருப்பான். 'நம்ம தளபதி ஹானிபாலுக்கு அந்த வேலை பார்க்கிறான்' என்றார்கள். ஹானிபால் இன்னொரு குசும்பும் செய்தான். சுற்றியுள்ள நிலங்களை எல்லாம் எரித்துவிட்டு ஃபேபியஸின் தோட்டத்தை மட்டும் தொடாமல் விட்டான். 'ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு'ன்னு ஊர் பேசட்டும் என்றுதான். ஃபேபியஸ் என்ன செய்தான் தெரியுமா? கைதிகளை மீட்கக் கொடுக்கவேண்டிய பணத்தைத் தர செனட் இழுத்தடித்தது. அந்தத் தோட்டத்தையே விற்று அவன் பணத்தைக் கட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவனைக் கோழை என்று அதிகமாகத் திட்டியவன் அவனுக்கு அடுத்த பதவியில் இருந்த மினூசியஸ். மக்கள் அவனுக்கும் சம அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். படை இரண்டாகப் பிரிந்தது. ஹானிபால் ஒரு சின்னக் குன்றைக் காட்டிச் சீண்டினான், மினூசியஸ் பாய்ந்தான், மாட்டிக்கொண்டான். இப்போ நீங்க ஃபேபியஸ் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? 'நல்லா அனுபவிக்கட்டும்'னு தோணுமா, தோணாதா? எனக்குத் தோணும்ங்க. ஃபேபியஸ் மலையைவிட்டு இறங்கி வந்து அவனைக் காப்பாற்றினான். மினூசியஸ் தன் படையோடு வந்து நின்று அவனைத் 'தந்தையே' என்று அழைத்தான்.

அப்படியும் ரோமுக்குப் புத்தி வரவில்லை. கி.மு. 216-இல் சுமார் 80,000 பேரைத் திரட்டிக்கொண்டு கன்னே சமவெளிக்குப் போனார்கள். நடுவில் இருந்த ஹானிபாலின் ஆட்கள் மெல்லப் பின்வாங்கினார்கள். 'ஓடுறான், ஓடுறான்' என்று முன்னால் போன ரோமானியர்கள் நாலு பக்கமும் வளைக்கப்பட்டார்கள். ஒரே பகலில் சுமார் 50,000 பிணம். அதற்குப் பிறகு ரோம் வாயை மூடிக்கொண்டு ஃபேபியஸின் வழிக்குத் திரும்பியது.

எதிரணி உடனே கேட்கும்: 'கடைசியில் கி.மு. 202-இல் ஜாமாவில் பாய்ந்து ஜெயித்தவன் ஸிபியோதானே?' நியாயமான கேள்விதான். ஆனால் பாய்வது வேறு, ஆத்திரப்படுவது வேறு. ஜாமாவில் ஹானிபாலின் யானைகள் வந்தபோது, ஸிபியோ தன் படைக்கு நடுவே சந்து சந்தாக இடம் விட்டு வைத்திருந்தான். பல யானைகள் அந்த வழியே புகுந்து வெளியே போய்விட்டன. மதம் பிடித்து வருகிறவனோடு மல்லுக்கு நிற்காமல் வழிவிட்டான்! கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு இந்த வியூகம் புதுசில்லை. (சிரிப்பு)

சிரித்தது போதும். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை.

1968 மார்ச் 16. வியட்நாமில் மைலாய் கிராமம். அந்தக் காலையில் வந்த அமெரிக்கப் படைப்பிரிவு, அதற்கு முந்தைய வாரங்களில் கண்ணிவெடியில் தோழர்களைப் பறிகொடுத்திருந்தது. வெடி வைத்தவன் முகம் தெரியாது. முகம் தெரியாதவன் மேல் வருகிற கோபம் ஒரு முகத்தைத் தேடும். அங்கே கிடைத்தவை கிழவிகள் முகம், குழந்தைகள் முகம். வியட்நாம் கணக்குப்படி 504 பேர்.

மேலே ஹெலிகாப்டரில் இருந்த ஹியூ தாம்ஸன் இதைப் பார்த்தார். அவரும் அமெரிக்க வீரர்தான். அவருக்குக் கோபம் வரவில்லையா? பொங்கிக்கொண்டு வந்தது! கிராம மக்களுக்கும் தன் நாட்டு வீரர்களுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். 'இவர்கள் இந்த ஜனங்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள்' என்று தன் ஆட்கள் இருவரிடம் சொல்லிவிட்டு, தானே நடந்து போய்ப் பதுங்கியிருந்தவர்களை வெளியே அழைத்து வந்து அனுப்பிவைத்தார். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அதற்காக ராணுவம் அவர்களுக்குப் பதக்கம் கொடுத்தது 1998-இல். முப்பது வருஷம் கழித்து!

ஐயா, இதைப் படிக்கும்போது எனக்கு மைலாய் மட்டும் ஞாபகம் வருவதில்லை. என் வீட்டு வாசலும் ஞாபகம் வரும். பல வருஷத்துக்கு முன்னால், கல்லூரியில் எனக்கு ஒரு அவமானம். மேலதிகாரி பத்துப் பேர் முன்னால் பேசினார், நான் பதில் பேசவில்லை. பேச முடியாது, சம்பளம் வாங்குகிறேனே. வீட்டுக்கு வந்தால் வாசலில் பையன் சைக்கிளைக் குறுக்கே போட்டிருந்தான். பதின்மூன்று வயசு. கூப்பிட்டு, அவன் சிநேகிதன் பார்க்க, கன்னத்தில் ஒன்று விட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்து ஸ்டாண்டு போட்டான். ராத்திரி தூங்கும்போதுதான் பார்த்தேன், முழங்காலில் கட்டு. சைக்கிளிலிருந்து விழுந்து, ரத்தத்தோடு தண்ணீருக்கு ஓடியிருக்கிறான். 'நீங்க கேட்கவே இல்லையே'ன்னு என் மனைவி மட்டும் சொன்னாள்.

போன வருஷம் என் பேரன், நாலு வயசு, அப்பாவின் கைபேசியைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டான். என் மகன் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. விறுவிறுவென்று திண்ணைக்குப் போய் நின்றுகொண்டான். பின்னாலேயே போய் 'என்னப்பா?' என்றேன். 'ஒண்ணுமில்லப்பா, கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்' என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணி அடிச்சுட்டீங்க, நடுவர் ஐயா. உட்கார்ந்துடறேன்.